எரிந்த பியூஸும் திருத்திய அளவீடும்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு மாணவர்கள் வந்து கேட்டபோது, வழக்கம்போல் 'அறிவியலும் வாழ்வும்' என்பது போன்றதொரு தலைப்பில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். இக்கல்லூரியின் இயற்பியல் துறையில் சேர்ந்த நாள் முதலாக அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். அவற்றைப் படித்தவர் எத்தனை பேர் என்று நான் கேட்டதும் இல்லை. எவரும் வந்து சொன்னதும் இல்லை. இவ்வாண்டு அவ்வாறு எழுத மனம் ஒப்பவில்லை. 2023-ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் நான் செய்த ஒரு தவறு, நம் செய்முறை வகுப்புகளைப் பற்றி நான் கொண்டிருந்த கருத்தையே மாற்றிவிட்டது. அதை மாணவர்களாகிய உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். ஏனெனில், அத்தவற்றை ஆண்டுதோறும் உங்களுக்குக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருப்பவனும் நானே.

தவறு நடந்த இடம் ஒரு ஜூக்பாக்ஸ். அதாவது காசு போட்டால் நாம் கேட்ட பாட்டைப் பாடும் பெட்டி. இன்றைய மாணவர்களில் பலர் அதைப் பழைய திரைப்படங்களில் மட்டுமே பார்த்திருப்பீர்கள். எனவே அதைப் பற்றிச் சிறிது சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

1889-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் உள்ள ஒரு மதுக்கடையில், லூயி கிளாஸ் என்பவர் எடிசனின் போனோகிராப் ஒன்றை மரப்பெட்டிக்குள் பொருத்தி வைத்தார். அதிலிருந்து நான்கு குழாய்கள் வெளியே வந்தன. ஐந்து சென்ட் காசு போட்டவர் குழாயைக் காதில் வைத்துக் கேட்கலாம். காசுப் பாட்டின் தொடக்கம் அது. 1927 வாக்கில் மின்பெருக்கி வந்து, குழாய் போய், கடை முழுவதும் கேட்கும்படி ஒலி பெருகியது. 1950-இல் சீபர்க் நிறுவனம், நடுவில் பெரிய துளையுள்ள சிறிய 45 சுழற்சி இசைத்தட்டுகளைக் கொண்டு 100 பாடல்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியைக் கொண்டு வந்தது. 'ஜூக்' என்னும் சொல் தென் மாநிலக் கறுப்பின மக்களின் பேச்சு வழக்கிலிருந்து வந்தது. அவர்கள் கூடி ஆடிப் பாடிய எளிய விடுதிகளுக்கு அப்பெயர். 'ராக்-ஓலா' என்ற பெயரைக் கேட்டு 'ராக் அண்ட் ரோல்' இசையின் பெயரால் வந்தது என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மையில் அது அந்நிறுவனத்தை நடத்திய டேவிட் ராக்கோலா என்பவரின் குடும்பப் பெயர். அவ்விசை பிறப்பதற்கு முன்பே நிறுவனம் இருந்தது.

இந்த வணிகத்தில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் இப்பெட்டிகளைப் பெரும்பாலும் கடைக்காரர்கள் வாங்குவதில்லை. 'ஆபரேட்டர்' எனப்பட்ட ஒருவர் பல கடைகளில் தம் பெட்டிகளை வைத்து, விழுந்த காசைக் கடைக்காரரோடு பங்கிட்டுக் கொள்வார். பெட்டி ஓர் இரவு ஊமையானால் அவருக்கு ஓர் இரவு வருமானம் போயிற்று. ஆகவே பெட்டியைப் பழுது பார்க்க எளிதாகச் செய்வது செய்பவர்களின் கடமையாகவே இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் மின்சுற்று வரைபடமும், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்ற குறிப்பும், இன்ன கோளாறு என்றால் இன்ன இடத்தைப் பார் என்ற அட்டவணையும் கொண்ட கையேடு உண்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இனி எங்கள் வீட்டுப் பெட்டிக்கு வருகிறேன். என் தாய்மாமா 1969-இல், தம் 18-ஆம் வயதில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து அன்றைய பம்பாய்க்கு ரயிலேறினார். ஈரானியர் ஒருவர் நடத்திய தேநீர்க் கடையில் மேசை துடைக்கச் சேர்ந்து, கடைசியில் கல்லாவில் உட்காரும் அளவுக்கு உயர்ந்தார். அக்கடையில் 1970-களில் செய்யப்பட்ட அமெரிக்க ஜூக்பாக்ஸ் ஒன்று இருந்தது. கல்லூரி மாணவர்கள் ஒரு தேநீரை மூன்றாகப் பங்கிட்டுக்கொண்டு, மிச்சக் காசைப் பாட்டுக்குப் போடுவார்களாம். கிஷோர் குமார் பாடினால் கூட்டம் எழுந்து போகாது என்பார் மாமா. 1992-இல் கடை மூடப்பட்டபோது முதலாளி, கொடுக்க வேண்டிய பாக்கிச் சம்பளத்தோடு அந்தப் பெட்டியையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். லாரியில் ஏறி ஊருக்கு வந்த அப்பெட்டி, பொங்கல், தீபாவளி, கோயில் கொடை என்று ஆண்டில் நான்கைந்து நாள் பாடி வந்தது. பிறகு பாடுவது குறைந்து, 2023-இல் ஒருநாள் அடியோடு நின்றுவிட்டது.

சென்னையிலிருக்கும் அவருடைய மகன் வீட்டை இடித்துக் கட்டத் திட்டமிட்டிருந்தான். பழைய இரும்புக்காரர் வந்து பார்த்து எடைக்கு விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த நிலையில்தான் மாமா எனக்குப் போன் செய்தார்.

"மருமவனே, நீ இத்தனை பிள்ளைகளுக்குக் கரண்டு பாடம் நடத்துற. இத ஒரு தரம் வந்து பாத்திரக் கூடாதா? பாடிட்டுன்னா பயலும் விட்டுருவான். பாடலன்னா நானே தூக்கிப் போடச் சொல்லிருதேன்."

மறுக்க முடியுமா? மல்டிமீட்டரும் பற்றவைக்கும் கோலும் எடுத்துக்கொண்டு போனேன். மனத்துக்குள் சிறிது பெருமையும் இருந்தது. பின்கதவைத் திறந்ததும் அந்தப் பெருமை இன்னும் கூடிற்று. கீழ்த்தட்டில் இருந்த பவர் சப்ளை பலகையைப் பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. நான் இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து வரும் படமே அங்கே உருவெடுத்து உட்கார்ந்திருந்தது.

இயற்பியல் படிக்காத மாணவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுவது. பெட்டிக்குள் இருக்கும் பாகங்களில் பலவற்றுக்கோ ஒரே திசையில் ஓடும் மின்சாரம் வேண்டும். அதுவும் ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு வோல்ட். இசைத்தட்டை எடுத்து வைக்கும் கைகளை இயக்கும் மின்காந்தச் சுருள்களுக்கு 28 வோல்ட். எந்தப் பாட்டு என்று நினைவு வைத்துக்கொள்ளும் பகுதிக்கு 5 வோல்ட். ஒலிபெருக்கும் பகுதிக்குத் தனியாக ஒன்று. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கிறது. நான்கு டையோடுகள் சேர்ந்து திசையை நேராக்குகின்றன. பெரிய மின்தேக்கி ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிறது. குளத்திலிருந்து மடை வழியே வயலுக்குத் தண்ணீர் பிரிவது போல, எல்லாப் பகுதிக்கும் மின்சாரம் இந்தப் பலகையிலிருந்து பிரிகிறது. ஒவ்வொரு மடைக்கும் ஒரு காவலாளி உண்டு. அதுதான் பியூஸ்.

28 வோல்ட் பகுதியின் பியூஸ் எரிந்திருந்தது. அதன் அருகிலேயே பலகையில் அச்சிட்டிருந்தார்கள்: 3 ஆம்பியர், ஸ்லோ புளோ. அதாவது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மிகுந்த மின்னோட்டம் வந்தால் பொறுத்துக்கொள்ளும். தொடர்ந்து வந்தால் உருகும். மின்காந்தச் சுருள் ஒரு கணம் இழுத்துவிட்டு விடும் என்பதனால் அவ்வகைப் பியூஸ் வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் இன்று விளக்கமாக எழுதுகிறேன். அன்று நான் படித்தது '3' என்ற எண்ணை மட்டுமே. ஊர்க் கடையில் 3 ஆம்பியர் இல்லை. 5 ஆம்பியர் சாதாரண பியூஸ் இருந்தது. 'இரண்டு ஆம்பியர் கூடினால் என்ன ஆகிவிடும்' என்று அதையே மாட்டினேன்.

பெட்டி விளக்கெரிந்து உயிர் பெற்றது. மாமா கைதட்டினார். ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தோம். உள்ளே வண்டி நகர்ந்தது, தட்டின் முன் நின்றது. பிறகு நின்றபடியே நின்றது. பாட்டு வரவில்லை. 'சூடாகட்டும்' என்று சொல்லிக் காத்திருந்தேன். எதற்குச் சூடாக வேண்டும் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சில நிமிடங்களில் அரக்கு எரியும் வாடை வந்தது. சுவிட்சை அணைக்கக் கை நீட்டுவதற்குள் பட்டென்று ஓர் ஓசை, பியூஸ் போயிற்று. இன்னொரு 5 ஆம்பியர் மாட்டினேன். போட்ட உடனே போயிற்று. தொட்டுப் பார்த்தால் டிரான்ஸ்பார்மர் கை வைக்க முடியாமல் சுட்டது.

அப்போதாவது நிறுத்தினேனா? இல்லை. மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருடைய மகனும் சென்னையிலிருந்து வந்து நிற்கிறான். எம்.எஸ்ஸி. படித்தவன் தோற்கலாமா? 10 ஆம்பியர் பியூஸ் வாங்கிவரப் பையனை அனுப்பினேன். அவன் திரும்புவதற்குள் ஊரில் மின்சாரம் நின்றுவிட்டது. மின்தடையைப் பலமுறை திட்டியிருக்கிறேன். அன்றைய மின்தடைக்கு மட்டும் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். டையோடு போனால் சில ரூபாய்க்கு வேறு வாங்கலாம். பல சுற்றுகள் கொண்ட அந்த டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்தால் அதற்கு இணையாக இங்கே எங்கே தேடுவது? பெட்டி நேரே பழைய இரும்புக்குத்தான் போயிருக்கும்.

இரவு முழுவதும் உறக்கமில்லை. மறுநாள் காலையில், பக்கத்து ஊரில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைத் தேடிப் போனேன். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பார்கள். பள்ளிப் படிப்பையும் முடிக்காதவர். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஒன்றே ஒன்று கேட்டார்.

"சார்வாள், மொத பியூஸ் எதுக்குப் போச்சின்னு பாத்தீயளா?"

பார்க்கவில்லை என்றேன்.

"அதப் பாக்காம அடுத்தத மாட்டுனா, அது பதில் சொல்லுதுக்கு முன்ன வாயப் பொத்துன மாதிரில்லா."

அண்ணாச்சி கொண்டு வந்த கருவி, ஒரு மரப்பலகையில் பொருத்திய 100 வாட் குண்டு பல்பு. அதைச் 'சீரிஸ் போர்டு' என்பார் அவர். பெட்டிக்குப் போகும் மின்சாரம் அந்தப் பல்பின் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே எங்கேனும் மின்சாரம் குறுக்கே பாய்ந்தால் பல்பு பளிச்சென்று எரியும். பெட்டிக்குப் பெரிய மின்னோட்டம் போகாது. எல்லாம் நலமாயிருந்தால் ஒருமுறை மின்னிவிட்டு மங்கிவிடும். மின்தடைகள் தொடரிணைப்பில் இருந்தால் மின்னழுத்தம் பிரியும் என்று நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடம்தான் அது. அந்தப் பாடத்தைக்கொண்டு ஒரு டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் பலகையைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்பார்மரை மட்டும் போட்டார். பல்பு மின்னி மங்கிற்று. "தாய் பொழச்சிக்கிட்டா," என்றார். அடுத்து, மின்சாரத்தை அணைத்து, மின்தேக்கியில் தங்கியிருந்த மின்னூட்டத்தை ஒரு மின்தடை வழியாக இறக்கிவிட்டுப் பலகையை மாட்டினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. குற்றம் பலகையில்தான். நான்கு டையோடுகளையும் மீட்டர் வைத்து இரு திசையிலும் பார்த்தோம். நல்ல டையோடு ஒரு திசையில் விடும், மறு திசையில் தடுக்கும். ஒன்று மட்டும் இரு திசையிலும் வெறும் கம்பியைப் போல் விட்டது. நால்வரில் ஒருவர் அவ்வாறானால், ஒவ்வோர் அலையிலும் பாதி நேரம், பக்கத்து டையோடு வழியாக டிரான்ஸ்பார்மரின் இரு முனையும் நேரடியாக இணைந்துவிடும். பியூஸ் உடனே போனதன் காரணம் அது. மின்தேக்கியின் தலையும் புடைத்திருந்தது.

நான்கு டையோடுகளையும் மின்தேக்கியையும் மாற்றினோம். கருகிய ஒரு செப்புக் கோட்டைச் சுரண்டிவிட்டு மேலே ஒரு கம்பியை வைத்துப் பற்றவைத்தோம். திருநெல்வேலிக்குப் போய் 3 ஆம்பியர் ஸ்லோ புளோ பியூஸ் வாங்கி வந்தேன். பலகையைப் போட்டதும் பல்பு மங்கலாக நின்றது. வேலை முடிந்தது என்று நான் எழுந்தேன். அண்ணாச்சி எழவில்லை.

"பலக செத்துச்சு, சரி. கொன்னது யாரு?"

பாட்டுத் தேர்ந்தெடுக்கும் பொத்தானை அழுத்தச் சொன்னார். வண்டி நகர்ந்தது, நின்றது, சுருள் இழுத்தது. பல்பு ஒளி கூடிற்று, கூடியபடியே நின்றது. உடனே அணைத்தார். விளக்கை உள்ளே பிடித்துப் பார்த்தால், சுருள் இழுக்க வேண்டிய தண்டு பாதி வழியில் சிக்கி நின்றது. அது முழுவதும் போனால்தான் கடைசியில் உள்ள சுவிட்ச் விலகிச் சுருளுக்கு மின்சாரத்தை நிறுத்தும். போகவில்லை, ஆகவே மின்சாரமும் நிற்கவில்லை. சுருளின் மின்தடையை அளந்தேன்: 7 ஓம். 28 வோல்ட்டில் 4 ஆம்பியர். ஒரு கணம் மட்டும் ஓட வேண்டிய 4 ஆம்பியர் தொடர்ந்து ஓடியிருக்கிறது. 3 ஆம்பியர் பியூஸ் உருகித் தன் கடமையைச் செய்தது. நான் மாட்டிய 5 ஆம்பியர் பியூஸுக்கு 4 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. அது பேசாமல் இருந்தது, டையோடு வெந்தது.

தண்டு ஏன் சிக்கியது? முப்பது ஆண்டுப் பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாக இறுகியிருந்தது. அவ்வளவுதான். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார் அண்ணாச்சி. தண்டு வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

மாணவர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பலகையில் பழுதே இல்லை. காய்ந்த கிரீஸ் ஒன்றுதான் கோளாறு. அதைப் பியூஸ் சரியாகச் சொல்லியும் விட்டது. பலகையைக் கெடுத்தவன், பழுது பார்க்கப் போன நான். அதுவும் தெரியாமையால் அன்று. ஓம் விதியும், டையோடின் குணமும், பியூஸின் பணியும் எனக்கு நன்றாகவே தெரியும். தேர்வில் கேட்டால் முழு மதிப்பெண் வாங்குவேன். தெரிந்ததை நிறுத்திவைத்துவிட்டு, எச்சரிக்கையின் வாயை அடைக்க ஆசைப்பட்டதுதான் தவறு.

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவருக்குச் சொன்ன நெறி பழுது பார்ப்பவருக்கும் அப்படியே பொருந்தும். மேடையில் அக்குறளைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். பெட்டியின் முன் உட்கார்ந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பல நாள் யோசித்தேன். நம் ஆய்வுக்கூடத்திலிருந்துதான் வந்தது என்பது என் முடிவு. இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

நம் செய்முறை வகுப்பு எவ்வாறு நடக்கிறது? வகுப்புக்கு முன்பே ஆய்வக உதவியாளர் கெட்ட டையோடுகளையும் அறுந்த கம்பிகளையும் பொறுக்கி எடுத்து அப்புறப்படுத்திவிடுகிறார். மேசைமேல் இருப்பவை எல்லாம் வேலை செய்பவை. செனர் டையோடு சோதனையோ, முழு அலைத் திருத்தியோ, இணைத்தால் வர வேண்டிய அளவு வந்துவிடும். பழுது என்ற ஒன்றை மாணவன் மூன்றாண்டும் சந்திப்பதே இல்லை. தப்பித் தவறி ஒரு கெட்ட பாகம் மேசைக்கு வந்து, அளவு மாறி வந்தால் என்ன செய்கிறான்? பக்கத்து மேசைக்காரனின் நோட்டை வாங்கிப் பார்த்து அந்த எண்களை எழுதிவிடுகிறான். வரைபடம் அழகாக வருகிறது. நான் கையெழுத்துப் போடுகிறேன். பத்துக்கு ஒன்பது.

திருத்தி எழுதிய அந்த அளவீடும், நான் மாட்டிய 5 ஆம்பியர் பியூஸும் ஒன்றே. இரண்டும் 'இங்கே ஏதோ சரியில்லை' என்று வந்த செய்தியை அடக்குகின்றன. மாறி வந்த அளவைப் பார்த்து 'ஏன்?' என்று கேட்கும் மாணவன் ஒரு மணி நேரம் பிந்துவான், சோதனை முடியாது, மதிப்பெண் குறையும். அடக்கியவனுக்கு ஒன்பது, கேட்டவனுக்கு ஐந்து. இப்படி மதிப்பெண் போட்டவன் நானே என்பதால்தான் இக்கட்டுரையை ஒப்புதல் வாக்குமூலமாக எழுதுகிறேன்.

ஆகவே என் கருத்து இது. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு செய்முறை வகுப்பேனும் பழுதான சுற்றைக் கொண்டு நடத்தப்பட வேண்டும். எங்கே என்ன கெட்டிருக்கிறது என்பதை மாணவர்க்குச் சொல்லக் கூடாது. கண்டுபிடித்தவருக்கு மட்டுமின்றி, தேடிய வழியை முறையாக எழுதியவருக்கும் மதிப்பெண் வேண்டும். எந்தச் சோதனையிலும், மாறி வந்த அளவை மாறியபடியே எழுதி, அதற்குக் காரணம் தேடியவர் மதிப்பெண் இழக்கக் கூடாது. இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம்; அரசுக்குக் கோரிக்கை எழுதிக் காத்திருக்கவும் வேண்டாம். ஆய்வக உதவியாளர் பொறுக்கி ஒதுக்கும் அந்தக் கெட்ட பாகங்களே போதும். இதுவரை குப்பைக்குப் போனவை இனிப் பாடநூலாகட்டும்.

மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். 'இக்காலத்தில் யார் டையோடு மாற்றுகிறார்கள்? பலகையையே மாற்றிவிடுகிறார்கள்' என்பர் சிலர். உண்மைதான். இன்றைய கருவிகள் பலவற்றில் பாகங்கள் மிகச் சிறியவை. சுற்று வரைபடமும் கிடைப்பதில்லை. நேரத்தைக் கணக்கிட்டால் பலகையை மாற்றுவதே மலிவாகவும் இருக்கலாம். நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் மாமாவின் பெட்டிக்குப் புதிய பலகையே கிடைத்து, அதை மாட்டியிருந்தாலும், காய்ந்த கிரீஸ் அதையும் மறுபடி பியூஸ் இழக்கச் செய்திருக்கும். எதை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன் காரணம் தெரிய வேண்டும். பலகையை மாற்றுபவருக்கும் இது பொது.

'பழுதான சுற்றை மாணவர் கையில் கொடுப்பது ஆபத்து' என்பர் வேறு சிலர். இது நியாயமான அச்சம். நேரே மின்சாரத்தில் இயங்கும் இன்றைய பவர் சப்ளைகளில், இணைப்பை எடுத்த பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் மின்தேக்கியில் தங்கி நிற்கும். அவற்றை மாணவர் தொடவே கூடாது. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், நான்கு டையோடு, ஒரு மின்தேக்கி, ஒரு பியூஸ் என்று எளிய சுற்றில் தொடங்கினால், ஆசிரியர் மேற்பார்வையில் அச்சமின்றிச் செய்யலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜூக்பாக்ஸ் செய்தவர்கள் கையேட்டில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார்கள் என்றேன். பழுது பார்க்கும் உரிமை பொருளை வாங்கியவருக்கு உண்டு என்ற குரல் இன்று பல நாடுகளில் எழுந்திருக்கிறது. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-ஆம் ஆண்டு ஜூலையில் இதற்காக ஒரு குழு அமைத்தது. நல்ல செய்திதான். ஆனால் உரிமை வந்தால் மட்டும் போதுமா? என் கண்ணெதிரே '3 ஆம்பியர், ஸ்லோ புளோ' என்று அச்சிட்டு வைத்திருந்தார்களே! எழுதி வைத்ததைப் படித்து, அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்று கேட்கும் மனம் இல்லாதவனுக்கு எந்தக் கையேடு உதவும்? அந்த மனத்தைக் கல்லூரி தராவிட்டால் வேறு யார் தருவார்?

அண்ணாச்சி கூலியாக வாங்கியது முந்நூறு ரூபாய். கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். சீரிஸ் போர்டு ஒன்று செய்து தரும்படி கேட்டேன். "நீங்களே செய்யுங்க சார்வாள், ஒரு ஹோல்டரும் ஒரு பிளக்கும்தான்," என்றார். அதை நானே செய்தேன். இப்போது நம் துறை ஆய்வுக்கூடத்தில் வலப்பக்கச் சுவரில் மாட்டியிருக்கிறது. அது என்னவென்று கேட்டவர்களுக்கு இதுதான் விடை.

அன்று மாலை பெட்டி பாடிற்று. மாமா தாமே பொத்தானை அழுத்தினார். வண்டி நகர்ந்து நின்று, தண்டு சென்று, தட்டு எழுந்து, முள் இறங்கியது. முதல் இரண்டு நொடி கரகரப்பு. பிறகு கிஷோர் குமார். பாட்டு முடியும்வரை யாரும் பேசவில்லை. மாமாவின் மகன் அமைதியாகக் கைப்பேசியை எடுத்து, பழைய இரும்புக்காரரை வரவேண்டாம் என்று சொன்னான். மாமா என் பக்கம் திரும்பி, "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்," என்றார். நான் என்ன பதில் சொல்வது? பலகையை எரித்தது யார் என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. மலர் அச்சாகி வந்ததும் அவருக்கும் ஒன்று அனுப்பிவைக்க எண்ணியிருக்கிறேன்.